பானெட்டுக்குள் ஒரு பாலாலயம்

வில்பட்டி தண்டாயுதபாணிக்கு நாற்பத்திரண்டு வயது. கொடைக்கானல் ஏரிப் பக்கம் ஒரு சாக்லேட் கடையில் எடை போட்டு, பெட்டியில் அடுக்கி, ரிப்பன் கட்டுகிற வேலை. பதினாறு வருடமாகக் கட்டுகிறார். அவர் கட்டிய ரிப்பன் வழியில் அவிழ்ந்ததாக ஒரு புகார் வந்ததில்லை. இந்தத் திறமையோடு அவர் நிறுத்திக்கொண்டிருந்தால் சொல்வதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் வீட்டில் எது பழுதானாலும் வெளியாள் தொடக்கூடாது, தானே பார்த்துவிட வேண்டும் என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். பார்த்தும் விடுவார். அவர் பார்த்த மிக்ஸி இன்றைக்கும் ஓடுகிறது. ஓடும்போது ஒருவர் பக்கத்தில் நின்று சுவிட்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் மிச்சமாகிற திருகாணிகளை அவர் மனைவி ஜோதிமணி ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு வந்தாள். பாட்டில் நிறைந்து இரண்டு வருடமாகிறது.

தங்கை சௌம்யாவைப் பழனியில் கொடுத்திருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுடைய மூத்த பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அன்று காலை கிளம்புகிற நேரத்தில், காரின் ஹாரன் ஏதோ சளி பிடித்த மாதிரி ஒலிக்கிறதே என்று தண்டாயுதபாணி அதைக் கழற்றினார். மாட்டி முடித்துப் பழனி போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்திக்கு இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையனுக்கு மண்டபத்து மேனேஜர் மடியில் வைத்துக் காது குத்தியாகிவிட்டது. ஆல்பத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே அந்த மேனேஜர்தான், வாயெல்லாம் பல்லாக. அன்றைக்கு அண்ணனோடு பேச்சை நிறுத்தியவள்தான் சௌம்யா. தண்டாயுதபாணிக்கு அது தாங்க முடியாத வேதனை. சாக்லேட் கட்டிக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கும். வாங்க வந்தவர்கள் விலையைக் குறைப்பாரோ என்று பார்ப்பார்கள்.

இப்போது சௌம்யாவின் சின்னப் பெண்ணுக்குக் காதுகுத்து. அவள் கணவன் செல்வமுருகன்தான் போனில் கூப்பிட்டான்.

“மச்சான், ஞாயித்துக்கெழம ஒம்பதரைல இருந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம். பத்து மணி வரைக்கும் பாப்பாளாம், ஒங்க தங்கச்சி சொல்லச் சொன்னா. அதுக்கு மேல ஒங்க சித்தி மகன் சிவமுருகன் மடிதான். அவரு பட்டு வேட்டியே எடுத்து வச்சுட்டாரு.”

“நம்ம வண்டியிலயே வெள்ளனே வந்துருவோம் மாப்ள” என்றார் தண்டாயுதபாணி.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் எஞ்சினுக்குள் பட்டென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் அம்மிக்கல்லாகக் கனத்தது. பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. எஞ்சின் முன்பக்கத்துச் சக்கரங்களையெல்லாம் வளைந்து வளைந்து ஒரே சுற்றில் பிடித்து ஓட்டுகிற நீள பெல்ட் அறுந்து, வழியில் எங்கோ விழுந்துவிட்டது. தொடர் விடுமுறை. மலையில் ஒரு வாடகை வண்டி கிடையாது. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தால் காது குத்திய புண்ணே ஆறியிருக்கும். மெக்கானிக் முத்துராஜ் திங்கட்கிழமைதான் வர முடியும் என்றான். தண்டாயுதபாணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நானே பாத்துர்றேன்” என்றார். உள்ளே ஜோதிமணி காலி பாட்டில் தேட ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை காலை, போனில் சொல்லி வைத்திருந்தபடி வத்தலக்குண்டிலிருந்து வந்த பஸ்ஸில் டிரைவர் கையில் புது பெல்ட் வந்து சேர்ந்தது. வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்த வண்டியின் பானெட்டைத் தூக்கி, முத்துராஜைப் போனில் பிடித்தார்.

“பழைய பெல்ட்டு இல்லல்ல? அப்ப பானெட்டுக்கு அடியில ஒரு படம் ஒட்டியிருக்கும் பாருங்கண்ணே. அதுல இருக்குறபடி சுத்துங்க. போன்ல வீடியோ கீடியோ பாத்து மாட்டிறாதீங்க. இந்த வண்டியில மூணு எஞ்சின் இருக்கு, மூணுக்கும் மூணு வழி. மாத்தி மாட்டுனா தண்ணிப் பம்பு திருப்பிச் சுத்தும், காட் ரோட்டுலயே எஞ்சின் வெந்துரும்.”

தண்டாயுதபாணி நிமிர்ந்து பார்த்தார். படம் இருக்க வேண்டிய இடத்தில் தண்டமும் கையுமாகப் பழனியாண்டவர் நின்றிருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் இந்தப் பழைய வண்டியை வாங்கிய கையோடு பழனிக்கு ஓட்டிப் போய், மலையடிவாரத்தில் ஸ்டிக்கர் வாங்கி, அவர் கையாலேயே ஒட்டியது. ‘ஏதோ கோலம் மாதிரி கிறுக்கி வச்சிருக்கான், அழகா மறைஞ்சுரும்’ என்று அன்றைக்கு ஜோதிமணியிடம் சொன்னதுகூட ஞாபகம் வந்தது. ஒன்பது ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் மேலே ஏறி, சாமி இப்போது சுவரில் பதித்த சிலையாகவே இருந்தார்.

முதலில் ஊகத்தில் முயன்றார். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த சிவப்பு ரிப்பனை ஆறு சக்கரங்களிலும் சுற்றிச் சுற்றி வழி பார்த்தார். நான்கு விதமாகச் சுற்றினார். நான்கும் அழகாகத்தான் இருந்தன. பழக்க தோஷத்தில் நான்காவது தடவை பூ முடிச்சும் போட்டுவிட்டார்.

“இப்ப யாருக்குப் பிறந்தநாளு?” என்றாள் ஜோதிமணி.

“ஸ்டிக்கரைப் பிச்சாத்தான் ஆகும் ஜோதி.”

“பிச்சுருவீகளோ? ஒம்பது வருசமா கும்பிட்ட சாமிய? அதுவும் சாமி ஊருக்கே போகைல? அந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேணாஞ் சாமி.”

அவருக்கும் கை வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை ஓரத்தில் வைத்து மூன்று முறை கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்துவிட்டார். அதற்குள் தெருவே கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தெருமுனைப் பிள்ளையார் கோயில் பூசாரி மணியன் வந்தார். போன வருடம்தான் அவர் கோயிலில் திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் நடந்திருந்தது. அதிலிருந்து அவர் எல்லாவற்றையும் திருப்பணியாகவே பார்த்தார்.

“இதுக்கா இந்தப் பாடு? கோயில்ல வேலை நடக்கைல என்ன செய்வோம்? சாமியக் கலசத்துக்கு மாத்தி வச்சுட்டு வேலையப் பாப்போம். பாலாலயம். வேலை முடிஞ்சா திரும்பக் கும்பாபிஷேகம். ஒரு சொம்பு கொண்டாங்க.”

எவர்சில்வர் சொம்பு வந்தது. அந்தக் குளிரில் மாவிலைக்கு எங்கே போவது, பின்கட்டிலிருந்து பேரிக்காய் மரத்து இலை பறித்து வைத்தார்கள். மணியன் ஒரு மஞ்சள் நூலின் ஒரு நுனியை ஸ்டிக்கரின் காலடியிலும் மறு நுனியைச் சொம்பிலும் கட்டி, எஞ்சினுக்குள் தலையை விட்டு முக்கால் மணி நேரம் மந்திரம் சொன்னார். பேட்டரிக்கும் சேர்த்துத் தீபாராதனை நடந்தது. கடைசியில் நூலை அறுத்து, “சாமி எறங்கிருச்சு. இனி அது வெறுங் காயிதம்” என்றார்.

வெந்நீர்த் துணியை ஒற்றி ஒற்றி ஸ்டிக்கரை முழுசாக உரித்தார் தண்டாயுதபாணி. அடியில் வெறும் வெள்ளை. படமும் ஸ்டிக்கரோடு சேர்ந்து உரிந்து, பழனியாண்டவரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, படம் படம்தானே என்று அதைப் பார்த்துப் பார்த்து பெல்ட்டை மாட்டினார். ஒரு சாண் பற்றவில்லை. எழுத்துகளும் ஒரு தினுசாக இருந்தன. “வெளிநாட்டு எஞ்சினுல்ல, அவன் பாசை” என்று கூட்டத்துக்கு விளக்கினார்.

ஜோதிமணி ஸ்டிக்கரை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய், பீரோவில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து எதிரே பிடித்தாள். கண்ணாடிக்குள் எழுத்து நேரானது. தண்ணிப் பம்பு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போனது. தண்டாயுதபாணி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“என்னையப் பாக்காதீக, கண்ணாடியப் பாருங்க. வெரசா” என்றாள்.

பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற சக்கரத்தைத் தளர்த்த ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் சொருக வேண்டியிருந்தது. குழாய் நுனியில் மணியன் தொங்கினார், ஜோதிமணி கண்ணாடி பிடித்தாள், தண்டாயுதபாணி பெல்ட்டைத் தள்ளினார். டக்கென்று உட்கார்ந்தது. சாவியைத் திருப்பினார்; ஆறு சக்கரமும் ஒன்றாகச் சுற்றின. பாட்டிலுக்குப் போட ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை. 

“ஆனா வண்டிய எடுக்கக் கூடாது” என்றார் மணியன். “மூலவரு இல்லாத கோயில எவனாச்சும் நடை தொறப்பானா?”

அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு வழி பிறந்தது. பழனியில் புது ஸ்டிக்கர் வாங்கி அங்கேயே கும்பாபிஷேகம். அதுவரை சாமி சொம்போடு வண்டியிலேயே வருவார். சாமி வந்தால் பூசாரியும் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். ஜோதிமணி மடியில் சொம்பு. பின்னால் சீர்த் தட்டுகளுக்கு நடுவில் மணியன். ஒவ்வொரு வளைவிலும் அவர் கத்தினார்: “மெதுவா, மெதுவா, சாமி தளும்புது!” வண்டி நடந்தே போனது. எதிரே விடுமுறைக் கூட்டம் வேறு. பாதி மலை இறங்கும்போதே எட்டு மணி. அப்போது பானெட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் ஆரம்பித்தது.

தண்டாயுதபாணியின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. வண்டி ஓரத்தில் நின்றது. “ஒரே ஒரு தடவ தொறந்து பாத்துர்றேன். சின்னச் சோலிதான், ரெண்டு நிமிசம்.”

“ஹாரனுக்கும் ரெண்டு நிமிசம்தான் சொன்னீக” என்றாள் ஜோதிமணி. “பானெட்டுல கை வச்சீக, நான் சொம்போட எறங்கி நடந்தே போயிருவேன்.”

அவர் வாழ்க்கையில் ஒரு சத்தத்தைக் கேட்டுவிட்டு அதைத் திறந்து பார்க்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. கீச் கீச்சென்று மலையின் மிச்சம் முழுக்க அது கூடவே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மற்றவர்கள் பசியையும் தாகத்தையும் அப்படித்தான் தாங்குவார்கள்.

மண்டபத்துக்குள் அவர் ஓடி நுழைந்தபோது பத்துக்கு மூன்று நிமிடம். ஆசாரி ஊசியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவமுருகன் பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு, மடியைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான். சௌம்யா குழந்தையோடு வாசலையே பார்த்து நின்றிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் குழந்தையை அந்த மடியில் இறக்கவில்லை. சிவமுருகன் எழுந்தான். தண்டாயுதபாணி மூச்சிரைக்க உட்கார்ந்து கையை நீட்டினார். குழந்தை மடிக்கு வந்தது.

சோப்பு, மண்ணெண்ணெய், அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்த கைதான். ஆனாலும் வியர்வையில் ஊறி, புது வெள்ளைக் கவுனில் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்துவிட்டன. மண்டபமே பார்த்தது. போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். தண்டாயுதபாணி ஆறு வருடமாக மனசுக்குள் கட்டி வைத்திருந்த மன்னிப்பு வார்த்தை ஒன்றும் ஞாபகம் வராமல் தங்கையைப் பார்த்தார்.

“ஏண்ணே, கையக் கழுவிட்டு வரக் கூடாதா?” என்றாள் சௌம்யா.

அவருக்கு உதடு துடித்தது. “மூணு தடவ கழுவுனேன் சௌமி. போகல.”

அவள் குனிந்து, முந்தானையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பட்டுப் புடவை.

“அழுகாதண்ணே, புள்ள பயந்துக்கிரும்” என்றாள். “இறுக்கிப் பிடி.”