வெட்டிப் போட்ட போர்வைகள்

செனாய் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கிடங்கில் எனக்கு வேலை. இணையத்தில் வாங்கியவர்கள் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பும் பொருட்களெல்லாம் அங்கேதான் வந்து சேரும். பெட்டியைத் திறந்து பார்ப்போம். உள் உறை பிரிக்கப்படாமல் இருந்தால் மறுபடி விற்பனைக்குப் போகும். பிரித்திருந்தால் வெட்டிவிட வேண்டும். பொருள் கெட்டுப்போனதால் அல்ல. மறுபடி மடித்து, உறை போட்டு, ஒட்டி வைக்கிற செலவுக்குப் புதிதாகவே ஒன்று செய்துவிடலாமாம். அப்படியே வெளியே விட்டால் யாராவது எடுத்துப்போய் பசார் மாலாம் இரவுச் சந்தையில் பாதி விலைக்கு விற்றுவிடுவார்கள் என்ற பயம் வேறு. அதனால் யாருக்கும் உதவாதபடி வெட்ட வேண்டும். செருப்பென்றால் வார், பையென்றால் அடிப்பக்கம். எல்லாம் பின்னால் நிற்கும் பெரிய இரும்புத் தொட்டிக்குப் போகும்.

சேர்ந்த புதிதில் மனசு கேட்கவில்லை. பிறகு கை பழகிவிட்டது. கை பழகியதுகூடத் தெரியாமல் இருந்தேன், அந்த வெள்ளம் வரும் வரைக்கும்.

வருடக் கடைசி மழை நிற்காமல் பெய்து, ஆற்றோரத் தாமான் குடியிருப்புகளில் தண்ணீர் ஏறியது. ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கோயிலிலிருந்து சிலர், மக்களைத் தங்க வைத்திருந்த பள்ளி மண்டபத்துக்கு உதவப் போனோம். எனக்குக் கிடைத்த வேலை, நன்கொடையாக வந்த துணிகளைப் பிரிப்பது. கூரை தொடுகிற மாதிரி குவியல். ஜிகினா வைத்த பார்ட்டி கவுன், குதிகால் செருப்பில் ஒற்றை மட்டும், ஜிப் போன கால்சட்டை, துவைக்காத உள்ளாடை. அலமாரியை ஒழிக்க ஆட்களுக்கு ஒரு வெள்ளம் வந்தது நல்லதாய்ப் போயிற்று போல. மத்தியானம் வரை பிரித்ததில் பாதிக்கு மேல் குப்பைப் பைக்குத்தான் போயிற்று.

ஆனால் போர்வை என்று ஒன்றுகூட வரவில்லை. என் வயதிருக்கும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளையும் சாப்பாட்டு மேசை விரிப்பால் போர்த்திப் படுக்க வைத்திருந்தாள். "ராத்திரியில தரை சில்லுன்னு ஏறுதுக்கா. போர்வை ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டாள். "பாக்குறேன்மா" என்றேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனால், என் மேசைக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குப் போர்வைகள். நல்ல கனமான போர்வை. படத்தில் வெளிர் நீலமாகத் தெரிந்தது, கையில் வந்தபோது கொஞ்சம் பச்சையடித்ததாம். அதற்காக ஊரெல்லாம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். எல்லாமே உறை பிரித்தவை.

சூப்பர்வைசர் தம்பியைக் கூப்பிட்டேன். நம்ம பையன்தான், பக்கத்து ஊர் கூலாய்க்காரன், நல்ல மாதிரி.

"தம்பி, இத வெட்ட வேணாம். வெள்ளத்துக்குக் குடுத்துடலாம். நானே என் கார்ல ஏத்திட்டுப் போறேன்."

"எனக்கும் ஆசைதான்க்கா. ஆனா ஒண்ணு வெளிய போனாலும் என் வேலை போயிடும்."

"மேல கேட்டுப் பாருங்களேன்."

போய்க் கேட்டான், அதைச் சொல்ல வேண்டும். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரக்குக்குச் சொந்தக்காரங்க ஒத்துக்கலக்கா. போத்திக்கிட்டவங்களுக்கு அரிப்பு கிரிப்பு வந்தா யார் பதில் சொல்றதுன்னு கேக்குறாங்க. வெள்ளத்துக்கு ஆபீஸ்ல வேற ஏற்பாடு பண்றாங்களாம்."

கத்தியைக் கீழே வைத்தேன். "என்னால முடியாது, தம்பி."

அவன் சத்தம் போடவில்லை. என்னை லேபல் ஒட்டும் மேசைக்கு மாற்றிவிட்டு, என் இடத்தில் ஒரு நேப்பாளக்காரரை நிறுத்தினான். அவர் ஒன்றொன்றாகக் குறுக்கே கிழித்துப் போட்டார். பஞ்சு பறந்து வந்து என் லேபல் சுருளில் ஒட்டியது. அன்றைக்குப் பூராவும் தும்மிக்கொண்டே இருந்தேன். அவரைக் கோபித்து என்ன பயன்? அவருக்குச் சொன்ன வேலையை அவர் செய்தார்.

அந்த 'வேற ஏற்பாடு' என்னவென்று வாரக் கடைசியில் தெரிந்தது. கம்பெனி புதிதாகப் போர்வை வாங்கியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் ரிப்பன் கட்டிய அட்டைப் பெட்டி. எங்களுக்கு அன்றைக்கென்றே அச்சடித்த டீசட்டை. கேட்டது நான்தானே, அதனால் என்னையும் லாரியோடு மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். பேனர் கட்டி, வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கும்போது படம் எடுத்தார்கள்.

அந்தப் பெண்ணும் வரிசையில் வந்தாள். பெட்டியைப் பிரித்துப் போர்வையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் நின்றவர் முகம் இந்தப் பக்கம் தெரிந்தது.

"அக்கா, துப்பட்டா மாதிரி இருக்கே!"

நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் என் காதருகே குனிந்தான். "இப்ப வேணாம்க்கா, போட்டோ எடுக்குறாங்க."

அடுத்த பெட்டியை எடுத்து நீட்டினேன். என்ன சொல்வது? இதைவிட நல்லதை இந்த வாரம்தான் வெட்டிப் போட்டோம் என்றா? வெளியே வந்தபோது, நாங்கள் கொண்டுவந்த பெட்டியும் ரிப்பனும் உறையும், ஞாயிற்றுக்கிழமை கழித்துப் போட்ட துணி மூட்டைகளோடு வாசலில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன.

தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, சிங்கப்பூரில் வேலை முடித்து வந்த என் வீட்டுக்காரர் ஹாலில் உட்கார்ந்து ஒரு புதுச் சப்பாத்தைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"சைஸ் பத்தல. ரிட்டன் போட்டுட்டேன்" என்றார்.

அவ்வளவுதான், அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவர் தலையில் இறங்கியது. அந்தச் சப்பாத்து எங்கே போகும், யார் எப்படி வெட்டுவார்கள் என்று எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். இத்தனை நாளும் வீட்டில் நான் அதைச் சொன்னதே இல்லை.

"அலமாக், அதுக்கு நான் என்ன பண்றது? காலு உள்ள போகலலா!" என்றார்.

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம் கொடுத்தேன். அவருக்குக் கச்சிதமாக இருந்தது. போட்ட காலோடு நடந்து காட்டிச் சிரித்தார். போன காசுக்காக என் வீட்டுக்காரர் சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த சப்பாத்தைக் கடைக்குப் போய், காலில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் வாசலுக்குப் பெட்டிகள் வருவது நிற்கவில்லை. நேற்றுக்கூட அவர் பெயருக்கு ஒன்று வந்தது. ஜூஸ் பிழிகிற மெஷின். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.