ஆவிக்குள் கேட்ட ஏணிச் சத்தம்

காலை ஏழு மணிக்கு, குளத்துக்குக் கிளம்ப ஈர்மா நீச்சல் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தோழி ஹெட்விக்கின் மகள் போக்லார்கா. ஈர்மாவை அவள் நேனி, அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவாள்.

"நேனி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க."

தோளில் மாட்டிய பையை இறக்காமலே ஈர்மா நின்றாள். ஜன்னலுக்கு வெளியே எகர் நகரத்துக் கூரைகள் பனியில் வெளுத்திருக்கும். மங்கிப்போன அவள் கண்ணுக்கு எல்லாம் வெறும் வெளிச்சம்தான். இனி யார் தட்டுவார்கள் என்பதே முதலில் தோன்றியது. ஹெட்விக் காதில் விழுந்திருந்தால் சிரித்திருப்பாள்.

ஊர்க் குளத்துக்குக் கூரை கிடையாது. பூமிக்குள்ளிருந்து ஊறும் வெந்நீர். பனிக்காலத்தில் ஆவி மூடிக்கொண்டால் நீந்துகிறவளுக்குத் தன் கையே தெரியாது. அதனால் சுவரோரம் ஒருவர் உட்கார்ந்து இரும்பு ஏணியைக் கரண்டியால் தட்டுவார். சத்தம் நெருங்கினால் சுவர் நெருங்குகிறது என்று அர்த்தம். இருவரும் சிறுமிகளாக ஒன்றாகப் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். ஈர்மா மெதுவாக நீந்துவாள் என்பதால் கரண்டி அவள் கைக்கு வந்தது.

"தூங்காம தட்டுடீ! என் மண்டை உடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

"உன் மண்டைக்கு ஒண்ணும் ஆகாது. அந்தச் சுவர்தான் பாவம்."

ஐரோப்பியப் போட்டிக்கு ஹெட்விக் மட்டும் தேர்வானாள். நானூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல். அங்கே கூரை போட்ட குளம், தெளிந்த தண்ணீர். தகுதிச் சுற்றில் ஒவ்வொரு சுவரருகிலும் சத்தத்துக்காகக் காத்து வேகம் குறைத்தாள். கடைசி ஆளாகத்தான் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தாள். அன்று மாலை ஊருக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"சுவர் நல்லாத் தெரியுது ஈர்மா. ஆனா நம்பிக்கை வரமாட்டேங்குது."

"நாளைக்கு நான் இங்கேருந்து தட்டுறேன். நீ பாட்டுக்குப் போ."

சொன்னபடியே மறுநாள் வானொலியை அலறவிட்டு அடுப்படிப் பாத்திரத்தைத் தட்டினாள். பக்கத்து வீட்டார் கத்தினார்கள். ஹெட்விக் தங்கம் வென்றாள். யாருக்கு நன்றி என்று கேட்டவர்களிடம், "ஏணி தட்டினவளுக்கு" என்றாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகும் பதக்கங்கள் வந்தன. தோள் விட்டுப்போனதும் ஊருக்கே திரும்பி, பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையானாள். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரை மணந்தாள். எந்த மேடையில் பேசினாலும் ஈர்மாவின் பெயரை விட்டதில்லை.

பார்வை மங்கியதும் ஈர்மா நீச்சலை விட்டுவிட்டாள். ஒரு காலையில் ஹெட்விக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"கிளம்புடீ. அப்ப நீ தட்டினே, இப்ப நான்."

"எனக்குச் சுவரே தெரியாதேடீ."

"எனக்கு மட்டும் அப்பத் தெரிஞ்சுதாக்கும்?"

அன்று முதல் ஈர்மாவின் காலைகள் அவளுக்குத் திரும்பக் கிடைத்தன.

அடக்கம் முடிந்த மறுவாரம் போக்லார்கா அதே கரண்டியோடு வந்தாள்.

"அம்மா மாதிரி தாளம் வராது, நேனி."

"சத்தம் வந்தாப் போதும், கண்ணு."

படிக்கட்டில் ஈர்மாவின் கால் தயங்கியது. ஆவிக்கு அப்பாலிருந்து இரும்பு ஒலித்தது. தண்ணீரில் இறங்கினாள். சுவர்வரை போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள்.

ஈர்மா கரையேறியதும் போக்லார்கா அவளுடைய அங்கியைப் போர்த்திவிட்டாள். அம்மாவின் தையல் மேசையிலிருந்து எடுத்து வந்தது. கொக்கியில் தொங்கும் அங்கிகளுக்குள் விரலால் தடவியே தன்னுடையதைக் கண்டுபிடிக்கட்டும் என்று, கழுத்துப்பட்டியில் பெரிய பொத்தான்கள் தைப்பதாக ஹெட்விக் அதை ஈர்மாவிடமிருந்து வாங்கிப்போயிருந்தாள். ஈர்மா தடவிப் பார்த்தாள். முதல் பொத்தான் இறுக்கமாக இருந்தது. இரண்டாவது ஒற்றை நூலில் தொங்கியது. ஊசி இன்னும் துணியிலேயே குத்தியிருந்தது.