நானூற்றுப் பன்னிரண்டு சுறாப்பற்கள்

கிண்ணியாவில் பொய்ப்பல் கட்டிக்கொடுக்கும் நிப்றாஸ், ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு சல்லடையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். கடலடியைத் தோண்டிக் கொட்டிய மணல்மேட்டை அரித்தால், கல்லாய்ப்போன சுறாப்பல் கிடைக்கும். கிழமை முழுக்க வாய்களுக்குப் பல் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமையில் வாயே இல்லாத பல்லைத் தேடுகிற மனிதர். பதினொரு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் கண்ணாடி அலுமாரியில், பஞ்சின்மேல். நகைக்கடை பிச்சை வாங்க வேண்டும்.

ஆசை ஒன்றே ஒன்றுதான். பல்கலைக்கழகக் காட்சிச்சாலையில் ஒரு பல்லாவது ஏற வேண்டும். அதன் கீழே, கண்டெடுத்தவர் என்று தன் பெயர் இருக்க வேண்டும். மூன்று மாதம் தொலைபேசியில் நச்சரித்து, விரிவுரையாளர் யசோதராவை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார்.

யசோதரா பூதக்கண்ணாடியை வைத்து ஒரு பல்லைப் பார்த்தார். பத்தைப் பார்த்தார். உள்ளங்கை அகலத்தில் இருந்த பெரியதைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"நானா, இதுகளின்ர ஓரம் அரம் மாதிரி இருந்திருக்குமே?"

"இருந்திச்சு மிஸ். ஒண்டு விடாம ராவி எடுத்திட்டன்."

"அடியில வேர்?"

"அது ஒரே கோணல். வெட்டி மட்டமாக்கினன். பொறகு மோட்டர்ல மினுக்கினன். பாருங்க, மொகம் தெரியும்."

"எல்லாத்தையுமா?"

"ஒரு பல்லுக்கும் ஓரவஞ்சனை செய்யல்ல."

யசோதரா, பல் கட்ட வருபவர்கள் உட்காரும் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஐயோ நானா! எந்தச் சுறா எண்டு சொல்லுறதே அந்த ஓரமும் வேரும்தான். இப்ப இதெல்லாம் வெறும் கல்லு. ஒண்டையும் எடுக்க ஏலாது."

நிப்றாஸ் கட்டிக்கொடுக்கும் பல்லில் ஓரம் கூராக இருந்தால் அடுத்த நாளே வாடிக்கையாளர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். அதற்குப் பழகிய கை. தேநீரோடு வந்த மனைவி றுமானா சும்மா இருக்கவில்லை:

"ஏன், சுறா வந்து பல்லு முரசு நோகுதெண்டு ஒங்களுக்கிட்டச் சொல்லிச்சா?"

யசோதராவை வழியனுப்ப வாசல்வரை போன நிப்றாஸ், அங்கே நின்று கேட்டார்.

"வேரோட ஒண்டு கெடைச்சா, மிஸ்?"

"உடனே சொல்லுங்கோ. கழுவவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம்."

நாலாவது வெள்ளிக்கிழமை ஒரு பல் கிடைத்தது. ஓரம் அரம்போல, வேரில் மண் அப்பிக் கிடந்தது. வீட்டுக்குள் வந்ததும் விரல் தானாக அரத்தைத் தேடியது. நிப்றாஸ் பல்லையும் அலுமாரித் திறப்பையும் றுமானாவின் கையில் திணித்தார்.

"மிஸ் வாற மட்டும் பூட்டி வை. நான் கேட்டாலும் தராத."

"அழுதாலுமா?"

"அழுதாக் கட்டாயம் தராத."