திரும்பிப் பார்க்கிறவன்

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்திருந்தது. கோவில்பட்டியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு வீடியோ கேம் கடைக்குள் நான் முதலும் கடைசியுமாகக் கால் வைத்தது அப்போதுதான். பெண்பிள்ளைகள் யாரும் எட்டிக்கூடப் பார்க்காத கடை அது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வீட்டுக்குத் தெரிந்தால் வசவு விழும். தெரிந்தேதான் போனேன்.

அந்தக் கடையில்தான் என் தம்பி குடியிருந்தான் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குச் சாப்பிடவும் தூங்கவும் மட்டும் வருவான். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான், அதாவது அப்படித்தான் அப்பா நம்பிக்கொண்டிருந்தார். கடையில் நான்கைந்து டிவிகள். எல்லாவற்றிலும் சண்டை விளையாட்டுதான் ஓடும். இரண்டு பேர் ஆளுக்கொரு சண்டைக்காரனைத் தேர்ந்தெடுத்து, பட்டனைத் தட்டித் தட்டி மோதிக்கொள்வார்கள்.

மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக ஊர் முழுக்கப் பகலில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கும் பயல்கள் கடையைவிட்டுப் போவதில்லை. டிவி ஓடாவிட்டால் என்ன? ஆளாளுக்குச் சொந்தமாக ஒரு சண்டைக்காரனை உருவாக்கித் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அவன் எப்படி நிற்பான், எப்படிக் குத்துவான், எந்தப் பட்டனை எப்படி அமுக்கினால் அவனுடைய பெரிய அடி விழும், அடித்துவிட்டுச் சுதாரிக்க எவ்வளவு நேரம் ஆகும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். உருவாக்கியவன் அதை வாசிப்பான். மற்றவர்கள் அந்தச் சண்டைக்காரனை எப்படி வீழ்த்தலாம் என்று வழி கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'மடக்கு'. சுலபமாக மடக்கிவிட்டால் அந்தத் தாள் குப்பைக்குப் போகும். யாராலுமே மடக்க முடியாவிட்டாலும் குப்பைதான். வீழ்த்தவே முடியாதவனோடு எவன் விளையாடுவான்? கஷ்டப்பட்டு மடக்கக்கூடியவன் மட்டும்தான் மைதா பசை தடவிச் சுவரில் ஏறுவான்.

சுவரில் ஏற்றலாமா கூடாதா என்று கடைசித் தீர்ப்புச் சொல்கிறவன் என் தம்பி. பரீட்சைத் தாளைக்கூட அவ்வளவு அக்கறையாகப் படித்திருக்க மாட்டான்.

கடையில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. தீர்ப்பில் பாதி என்னுடையது. நான் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தேன். அச்சுப் பிசகிப்போன லேபிள் தாள்கள் அங்கே கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒரு பக்கம் வரிவரியாகப் புலியோ ரோஜாவோ கோணலாக அச்சாகியிருக்கும், மறுபக்கம் வெள்ளை. கடைப் பயல்கள் எழுதியதெல்லாம் நான் கேட்டு வாங்கிக் கொடுத்த அந்தத் தாள்களில்தான். எழுதியதை முந்தின நாளே தம்பியிடம் கொடுத்துவிடுவார்கள். அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து, நான் தோசை சுட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பான்.

"எக்கா, இதக் கேளு. பனைமர உசரம், கை அவ்வளவு நீளம், தூரத்துல நின்னே அடிப்பானாம்."

"காலுக்குள்ள புகுந்துட்டா உன் பனைமரம் என்னல செய்யும்?" என்பேன்.

"அதான! செத்தான்!"

ஒருவன் தன் ஆளுக்குப் பதினைந்து விதமான அடி எழுதியிருந்தான். "இவன் சண்டைக்கு வந்தானா, பந்தியில பரிமாற வந்தானா?" என்று கேட்டேன். மறுநாள் கடையில் தம்பி அதைத் தன்னுடைய வசனமாக எடுத்துவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தான் கழுதை. எனக்குக் கோபமே வந்ததில்லை. கம்பெனி, வீடு, மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு என்று ஓடிக்கொண்டிருந்த என் நாட்களில் வாய்விட்டுச் சிரித்தது அந்த அடுப்படியில்தான்.

அவன் தீர்ப்பில் அதிகம் அடிபட்டவன் அவனோடு படித்த ஒரு நெட்டையன். எதைக் கொண்டுவந்தாலும் தம்பி கிழித்துத் தொங்கவிட்டுவிடுவான். கடைசியில் இரண்டு பேரும் பேச்சுவார்த்தையே இல்லாமல் ஆனார்கள். ஆனால் டிவியில் மோதும்போது மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்களாம்.

ஐப்பசியில் நல்ல மழை. கரிசல் காட்டில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. உழுதுவிட்டு ரோட்டில் ஏறுகிற டிராக்டர்கள் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைத் தார் ரோடு நெடுகிலும் அப்பிவிட்டுப் போகும். மேலே ஒரு தூறல் விழுந்தால் போதும், ரோடு முழுக்க வெண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரியாததில்லை. பசுவந்தனையில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போய்விட்டு அப்பாவின் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தான் தம்பி. பட்டப்பகல். எதிரே ஒரு வண்டியும் இல்லை. வழுக்கி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

அதற்குமேல் அதைச் சொல்ல என்னால் முடியாது.

துஷ்டி வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் பாடியது ஒரே பாட்டுத்தான். "தங்கமான பிள்ளை", "ஒரு சொல்லு எதுத்துப் பேச மாட்டானே." யாரைச் சொல்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் எதிர்த்துப் பேசாமல் ஒரு நாளாவது இருந்திருக்கிறானா அவன்? ஆனால் நானும் அதைத்தான் சொன்னேன். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கடைப் பயல்கள் மொத்தமாக வந்து வாசலில் தலை குனிந்து நின்றார்கள். நெட்டையன் மட்டும் வரவில்லை. அவனை நான் மனதுக்குள் சபித்தேன்.

காரியம் முடிந்து சில நாளில் கரண்ட் நிறுத்தம் பற்றிப் பேப்பரில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் நான் ஒரு லேபிள் தாளை எடுத்தேன். தம்பியையே ஒரு சண்டைக்காரனாக எழுதினேன். அவன் சுருட்டை முடி, காலர் கிழிந்த மஞ்சள் சட்டை எல்லாம் வரைந்தேன். வேகமான குத்து, வேகமான உதை எழுதினேன். எவ்வளவு அடி வாங்கினாலும் எழுந்துவிடுவான் என்று எழுதினேன். எத்தனை முறை விழுந்தாலும் எழுந்துவிடுவான். அந்த வரியை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. அந்தச் சுவரில் அவன் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். வேறெங்கும் அவனுக்கு ஒரு இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பயல்கள் சடாரென்று எழுந்து நின்றார்கள். கடைக்காரர் பெஞ்சைத் துடைத்து, "உக்காருங்க தாயி" என்றார். அணைந்து கிடந்த டிவிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தாளை வாசித்தேன். வாசித்து முடித்து நிமிர்ந்தேன்.

"சூப்பர்க்கா" என்றான் ஒருவன்.

"மடக்கவே முடியாதுக்கா. ஒட்டிருவோம்" என்றான் இன்னொருவன்.

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பசைக் கிண்ணத்தை எடுத்தார். நான் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குள் ஏதோ சுருங்கிப்போனது. ஒருத்தன் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒருத்தன் வாயைக் கோணவில்லை. துஷ்டி வீட்டில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது.

"ஒட்டக் கூடாது அண்ணாச்சி."

வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்த நெட்டையன்தான் சொன்னான். அவன் வந்ததையே நான் கவனிக்கவில்லை.

"ஏலே, உனக்கு நேரங்காலமே தெரியாதா? வெளிய போல!" என்று மற்றவர்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். அவன் அசையவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

"மடக்க முடியாத ஆள ஒட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டதே அவன்தான். அவன் இருந்தா இந்தத் தாள விட்டிருப்பானாக்கா? கிழிச்சிருப்பான். இதுல இருக்கது அவனே இல்ல. வேற எவனோ."

எனக்கு ரத்தம் கொதித்தது. "துஷ்டிக்கு எட்டிப் பாக்காதவனுக்கு என் தம்பியப் பத்தி என்னல தெரியும்?" என்று கத்திவிட்டேன்.

"வந்தா எல்லாரும் சொல்லுத மாதிரி நானும் நல்லவன், தங்கம்னு சொல்லணும். எனக்கு வாய் வரலக்கா. அவன் என்னைய எம்புட்டு அழ வச்சிருக்கான் தெரியுமா?" என்றான். பிறகு கொஞ்சம் நிதானித்து, "ஆனா அவன எனக்குத் தெரியும். அவன மடக்குத வழியும் தெரியும்" என்றான்.

கடைக்காரர் பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பெரிய அடி ஒண்ணு விழுந்துட்டா போதும், அவனுக்கு டிவியில கண்ணு நிக்காது. பின்னால நிக்கவங்க பாத்தாங்களான்னு திரும்பிப் பாப்பான். இளிச்சிக்கிட்டே பாப்பான். நான் அதுக்குத்தான் காத்துக் கெடப்பேன். அந்த நேரத்துல அடிச்சாத்தான் விழுவான். நூறு தடவ சொல்லியிருக்கேன், திரும்பாதல, திரும்பாதலன்னு. கேக்க மாட்டான்க்கா. அவனால திரும்பிப் பாக்காம இருக்க முடியாது."

சொல்லி முடிக்கும்போது அந்த நெட்டையன் கதவைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.

எனக்கு அப்போதுதான் என் தம்பி கண்ணுக்குத் தெரிந்தான். நான் சொன்ன கேலியைக் கடையில் எப்படி எடுத்துவிட்டான் என்று அடுப்படியில் நடித்துக் காட்டினானென்றால், கடைசியில் என் பக்கம் திரும்பி, நான் சிரிக்கிறேனா என்று பார்ப்பான். பைக்கில் கிளம்பினால் தெருமுனையில் திரும்பி ஒரு பார்வை. சின்னப் பிள்ளையில் சைக்கிள் பழகும்போது, கையை விட்டு ஓட்டிவிட்டு, நான் பார்த்தேனா என்று திரும்பி, சாக்கடையில் விழுந்தவன். இத்தனை நாளும் யாரையோ நினைத்துக்கொண்டு காய்ந்துபோய்க் கிடந்தேன். இவனை நினைத்ததும் அழுகை பீறிட்டு வந்தது. செத்த வீட்டில்கூட அப்படி நான் அழவில்லை. அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் வெட்கமே இல்லாமல் அழுதேன். யாரும் என்னைத் தேற்ற வரவில்லை, அதுவே பெரிய உதவியாக இருந்தது.

பிறகு நெட்டையனிடமே பேனா வாங்கி, எழுந்துவிடுவான் என்ற வரியை அடித்தேன். அதற்குக் கீழே, அடித்ததும் திரும்பிப் பார்ப்பான், அப்போது அடித்தால் விழுவான் என்று எழுதினேன். நெட்டையன் வாங்கி முழுதும் படித்தான். "இப்ப ஒட்டலாம்" என்றான். பசையைத் தடவியதும் அவன்தான். கை உயரமாக எட்டுமே, எல்லாத் தாள்களுக்கும் மேலே ஒட்டினான்.

அந்தக் கடை இப்போது இல்லை, நெட்டையன் எங்கே இருக்கிறான் என்றும் தெரியவில்லை. அம்மா இன்றைக்கும் ஐப்பசி வந்தால் தங்கமான பிள்ளை என்று சொல்லித்தான் அழுவாள், நான் மறுப்பதில்லை. ஆனால் ஏதாவது ஒரு நல்ல கேலி என் வாயில் வந்து, கூட இருப்பவர்கள் சிரித்துவிட்டால், யாரோ திரும்பி என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். பார்த்துட்டேன்ல, பார்த்துட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.