ஆயுத பூஜையில் ஓய்வெடுத்த ஒயின் ஃபிரிட்ஜ்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை எங்கள் ரிசார்ட் முதலாளி சாப்பாட்டு ஹாலில் போட்ட சத்தம் கடற்கரை வரை கேட்டிருக்கும்.

"யோவ் மெக்கானிக்கு, ஓடியா! ஒயின் ஃபிரிட்ஜு ரெண்டும் ஆஃப்ல கீது! உள்ள சரக்கு இன்னாத்துக்கு ஆவும்?"

ஆஃப் செய்யச் சொன்னவரே அவர்தான். அதை அந்த நேரத்தில் நினைவூட்ட எனக்கு என்ன பைத்தியமா?

மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகும் வழியில் இருந்தது அந்த ரிசார்ட். ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம் என் பொறுப்பு. இரண்டாயிரத்துக்குப் பிறகு வெளிநாட்டு விருந்தினர்கள் அதிகமாகி, சாப்பாட்டோடு ஒயின் கேட்கத் தொடங்கினார்கள். உணவகப் பொறுப்பாளர் ரேவதி மேடம் திருச்சிக்காரர். ஒயின் மெனு போட வேண்டும் என்ற ஆசையில்தான் சென்னையில் பெரிய ஹோட்டல் வேலையை விட்டு இங்கே வந்திருந்தார். முதலாளியோ கருங்குழிக்காரர், பீர் போதும் என்ற கட்சி. பேசிப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார் மேடம். அதிலும் ஒரு நிபந்தனை.

"மொத லோடுல ஒரு பாட்டிலு கெட்டாலும் இந்த ஒயினே வாணாம். அந்த ஃபிரிட்ஜுல தோச மாவு வெச்சிடுவேன். நீ ரிசப்ஷனுக்குப் போயி ரூம் சாவி குட்துகினு இரும்மா."

"சரிங்க சார்" என்றார் மேடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

சாதாரண ஃபிரிட்ஜின் குளிர் ஒயினுக்கு ஆகாது. பன்னிரண்டு டிகிரி போல ஒரே சீராக நிற்க வேண்டும். ஏறி இறங்கினால் ருசி போய்விடும். டீலர் இரண்டு மாடல்களை டிரையலுக்கு அனுப்பினார். ஒன்றில் கம்ப்ரசர் கிடையாது, ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தகடுதான் குளிரூட்டும். சத்தமே வராது, கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு. மற்றது கம்ப்ரசர் வைத்தது. கறுப்பாக, லேசாக உறுமிக்கொண்டிருக்கும். முதலாளி நீல விளக்கில் விழுந்துவிட்டார்.

"மாப்ள மாதிரி நிக்குது பாரு. இதான் நம்முளுது."

மேடம் அவசரப்படவில்லை. கறுப்பு ஃபிரிட்ஜின் தலையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, தண்ணீர் நடுங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். அதிர்வும் ஒயினுக்கு ஆகாதாம். கதவோர ரப்பர் கேஸ்கெட்டில் காகிதத்தைச் சொருகி, கதவு இறுக்கமாக மூடுகிறதா என்று இழுத்துப் பார்த்தார். பின்பக்கக் குழாய்ச் சுருள் கடலின் உப்புக் காற்றைத் தாங்குமா என்று என்னிடம் கேட்டார். பிறகு இரண்டிலும் பாட்டில்களை அடுக்கினார். இரண்டுமே பன்னிரண்டு காட்டின.

"ஏசி ஹால்ல எதுவும் பன்னெண்டு காட்டும்ணே. இது போதாது" என்றார்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. பூஜை போட்ட மெஷினை மறுநாள் வரை ஓட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சமையலறை ஃபிரிட்ஜுக்கும் அறைகளின் ஏசிக்கும் மட்டும் விலக்கு. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்ததும் முதலாளி ஒயின் ஃபிரிட்ஜ்களைக் காட்டினார்.

"புது மெஷினு. அதுக்கும் ரெஸ்ட் குடு."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் பாட்டுக்குப் பொரி தின்றுகொண்டிருந்தார். ஆஃப் செய்துவிட்டேன்.

அதனால்தான் மறுநாள் அந்த அலறல். மேடம் நிதானமாக வந்து, ஒரு பாட்டிலின் கார்க்கைப் பிடுங்கி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி முதலாளியிடம் நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்க சார்."

"காலங்காத்தாலயா?" என்று முணுமுணுத்தபடி ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது. "இன்னாமா இது, பச்சத் தண்ணியா கீது?"

"எல்லாத்துலயும் அதான் சார். கெஸ்ட் ரூம்ல விட்டுட்டுப் போன காலி பாட்டில கழுவி ரொப்பினது. நிஜ ஒயின் இன்னும் சென்னைல டீலரோட கோல்டு ரூம்லதான் இருக்கு. கரண்ட் போய் வந்தா எது சீக்கிரம் சுதாரிக்குதுன்னு பாக்கணும்னு இருந்தேன். நீங்களே வழி பண்ணிட்டீங்க."

நான் ஏசியைப் போடப் போனேன், மேடம் தடுத்தார். கடல் பக்கக் கதவுகளைத் திறந்து வைத்து, வெக்கையில் இரண்டு ஃபிரிட்ஜையும் ஆன் செய்யச் சொன்னார். கறுப்பு மெஷின் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. நீல விளக்கு சாயங்காலம் வரை இருபதுக்குக் கீழே இறங்கவில்லை. முதலாளி இரண்டு பக்கமும் பாட்டிலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"மாப்ளைக்கு மூச்சு வாங்குது. அனுப்பிடு" என்றார்.

எத்தனையோ பொறியாளர்களோடும் மேனேஜர்களோடும் வேலை பார்த்திருக்கிறேன். தன் பதவியே போகும் என்ற நிலையில் இப்படிப் பதறாமல் பொரி தின்ற மனுஷியை வேறெங்கும் பார்த்ததில்லை. பிற்பாடு பக்கத்து அணுபுரம் குடியிருப்பிலிருந்து யாராவது வீட்டுக்கு ஒயின் ஃபிரிட்ஜ் வாங்க யோசனை கேட்டால் அவர் வழியைத்தான் சொல்வேன்: ஷோரூம் குளிரில் பார்த்து மயங்காதீர்கள், உங்கள் வீட்டு வெயிலில் தண்ணீர் பாட்டிலை வைத்து, ஒரு நாள் ஆஃப் செய்து போட்டுப் பாருங்கள்.

முதல் லோடில் ஒரு பாட்டிலும் கெடவில்லை. அடுத்த வருட ஆயுத பூஜையில் முதலாளியே கறுப்பு ஃபிரிட்ஜுக்குச் சந்தனம் வைத்தார்.

"ரேவதிம்மா, உள்ள இன்னா கீது?"

"ஒயின்தான் சார்."

மிச்சக் குங்குமத்தை ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் சுவிட்சுக்கு மேலே வைத்தார். பிறகு யாரும் அதில் கை வைத்துவிடக் கூடாதென்று, அதன் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பொரி சாப்பிட்டார்.