வலியை ஒப்புக்கொடுத்தவர்

முதலில் காட்டிக்கொடுத்தது அவருடைய பெல்ட்தான். தவக்காலம் பாதி தாண்டியிருந்தது. ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்து அதில் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார் என் கணவர் மிக்கேல். “என்னங்க, இப்படி மெலிஞ்சிட்டீங்க?” என்றேன். “ஒருசந்தி இருக்கேம்லா, மெலியாம என்ன செய்யும்?” என்று சிரித்தார்.

ஒருசந்தி என்றால் ஒரு வேளை மட்டும் உண்ணும் நோன்பு. சிறு வயதிலிருந்து ஒரு வருடம்கூட அவர் விட்டதில்லை. அதனால் பசி இல்லையென்றால் ஒருசந்தி, மேல்வயிறு வலித்தால் ஒருசந்தி, மாடி ஏறி மூச்சு வாங்கினால் அதுவும் ஒருசந்தி. கோயிலில் பார்த்தவர்கள் “அண்ணாச்சி முகத்துல என்ன களை!” என்று மெச்சினார்கள். வேறு வீடாக இருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். நாங்கள் ஈஸ்டர் வரட்டும் என்று இருந்தோம்.

ஈஸ்டர் அன்று ஆட்டுக்கறி வைத்தேன். பிரியமாகச் சாப்பிடுகிற மனுஷன், ரெண்டு வாய் தின்றுவிட்டுக் கையைக் கழுவினார். இனியும் ஒருசந்தி என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தோம். பிறகு பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை). கணையத்தில் (இரைப்பைக்குப் பின்னால் இருந்து செரிமான நீர் சுரக்கும் உறுப்பு) புற்று. கல்லீரலுக்கும் பரவியிருந்தது. “நோன்புன்னு நெனச்சு விட்டுட்டோமே டாக்டர்” என்று எங்கள் மகள் பிரின்சி அழுதாள். “இது வெளிய தெரியும்போதே பெரும்பாலும் தாமதம்தாம்மா. அதையே நெனச்சு உங்கள வதைச்சுக்கிடாதீங்க” என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் இன்றும் வாழ்த்துகிறேன்.

கீமோ (புற்றணுக்களை அழிக்கும் மருந்தை இரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது) ஒரு சுற்று கொடுத்தார்கள். அவர் உடம்பு தாங்கவில்லை. “போதும், வீட்டுக்குப் போவோம்” என்றார். வந்துவிட்டோம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் ஆசிரியை, காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும். மகளுக்கு ரெட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவர்தான். ஓய்வு பெற்றபின் சனிக்கிழமை விடிந்தால் கோயில் குழுத் தம்பிமாரோடு சவரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சவரம் செய்வார், நகம் வெட்டுவார், மருந்து வாங்கிக் கொடுப்பார். எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று பார்ப்பதில்லை. “நம்ம வீட்டு ஒட்டடைய அடிக்க ஆளக் காணோம், ஊருக்குச் சவரம்” என்று நான் திட்டுவேன். திரும்பி வந்து ஒட்டடையும் அடிப்பார். அந்த மனுஷனிடம் சண்டை போட்டு ஜெயிக்கவே முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு தொடங்கியது. வலி முதுகு வரை போனது. உட்கார்ந்தால் குனிந்துகொள்வார், படுத்தால் துண்டைக் கடித்துக்கொள்வார். டாக்டரம்மா மார்ஃபின் (கடும் வலிக்குக் கொடுக்கும் மருந்து) எழுதிக் கொடுத்திருந்தார். மாத்திரை அட்டை அலமாரியில் இருந்தது. அவர் தொடவில்லை.

துன்பத்தை இயேசுவின் பாடுகளோடு சேர்த்து, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காக (இறந்தபின் தூய்மையாகக் காத்திருப்பவர்களுக்காக) ஒப்புக்கொடுப்பது எங்கள் வேதக்காரர் (கத்தோலிக்கர்) வழக்கம். முள் குத்தினாலும் ஒப்புக்கொடுப்போம், பஸ் வராவிட்டாலும் ஒப்புக்கொடுப்போம். இவர் இதையும் அதில் சேர்த்துவிட்டார்.

“வந்த வலிய ஏன் வீணாக்கணும் ரோஸ்லி?”

“அந்த ஆத்துமாக்க உங்ககிட்ட வந்து கேட்டுச்சாக்கும்?” எனக்கு வந்ததே கோபம்! மாத்திரையைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். பிறகு நானே குனிந்து பொறுக்கினேன்.

பங்குச்சாமி (எங்கள் கோயில் பாதிரியார்) வந்து, “மருந்து சாப்பிட்டா பாவம்னு திருச்சபை சொல்லல” என்றார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சாமி வாசலைத் தாண்டியதும் மறுபடி துண்டு வாய்க்குப் போனது. டாக்டரம்மா போனில் பேசினார். “இது போதை இல்ல. வலி இருக்கவங்களுக்கு அளவோட குடுத்தா அடிமையாக மாட்டாங்க” என்றார். அதற்கும் இவர் சரி என்றார், மாத்திரைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் சாகப்போகிறார் என்பதை நான் எப்படியோ விழுங்கிவிட்டேன். இப்படித் துடித்துச் சாகப்போகிறார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் மேலப்பாளையத்திலிருந்து ஆயிஷா பீவி பார்க்க வந்தார். அவர் கணவர் காதர் பாய் வாய்ப்புற்றில் இறந்தவர். என் கணவர்தான் கடைசிவரை அவருக்குச் சவரம் செய்யப் போய்வந்தார். ஆயிஷா நாற்காலியில் உட்காரவில்லை, கட்டில் பக்கத்திலேயே நின்றார். துண்டையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார்.

“மருந்து குடுக்கலியா அக்கா?”

“சாப்பிட மாட்டேங்காரும்மா. ஒப்புக்கொடுக்காராம்.”

ஆயிஷா அவர் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, எங்க வீட்லயும் அவுக இப்படித்தான் கிடந்தாக. அல்லா தந்த வலி, பொறுத்துக்கிடுதேன்னு மருந்தத் தட்டி விட்டாக. அங்கன வந்து உக்காந்து, ‘வலிய தந்தவன்தான மருந்தையும் தந்திருக்கான் பாய், ஒண்ண வாங்கிட்டு ஒண்ண வேண்டாம்னா எப்படி’ன்னு சொன்னது யாரு? நீங்கதான?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபப்பட்டுவிட்டாரோ என்று பயந்தேன். பார்த்தால் வயிறு குலுங்குகிறது. மனுஷன் சிரிக்கிறார்! சிரித்தால் வலிக்கிறது, வலித்தாலும் சிரிப்பு நிற்கவில்லை.

“நல்லா மாட்டிக்கிட்டேன் தாயி” என்றார். “எடு ரோஸ்லி.”

நான் தொண்டை கிழியக் கத்தியது எடுபடவில்லை, சாமி சொன்னது எடுபடவில்லை. ஆயிஷா ஒரு தடவை சொன்னதும் வாயைத் திறக்கிறார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. போகட்டும். அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

அன்று அவர் தூங்கினார். காலை நீட்டி, மல்லாந்து, குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டைக்காக எத்தனையோ வருஷம் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். கோயில் மணி அடிக்கும் நேரத்தில் விழித்து, “ஏட்டி, பசிக்கு” என்றார். சாளை மீன் குழம்பு கேட்டார். நாலு வாய்தான் சாப்பிட்டார், ஆனாலும் ருசித்துச் சாப்பிட்டார்.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். வலி வந்த பிறகு மருந்தைத் தேடாதீர்கள். டாக்டர் சொன்ன வேளைக்கு, வலி தலைகாட்டும் முன்பே கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். “மார்ஃபின் ஆரம்பிச்சாச்சா, அப்போ முடிஞ்சுது” என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். எங்களுக்கு அங்கிருந்துதான் நல்ல காலம் தொடங்கியது.

நல்ல காலம் என்றுதான் சொல்வேன். பிரின்சி அவரைக் காரில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் விழுவதைக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் போய்வந்த வீடுகளையெல்லாம் குழுவில் இருந்த தம்பிமாருக்குப் பிரித்துக் கொடுத்தார். யாருக்குத் தாடையில் மரு இருக்கிறது, யாருக்குப் பைய இழுக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். “உடம்புன்னு ஒண்ணு இருக்கதே மறந்துபோகு ரோஸ்லி” என்றார். ஜெபம் செய்யவும் இப்போதுதான் முடிகிறது என்றார்.

ஒரு நாள் காலை கேஸ் சிலிண்டர் வந்தது. வாசலில் பிரின்சி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். “யாரு?” என்று கேட்டார். “கேஸ்காரர்” என்றேன். “வெயில்ல தூக்கிட்டு வந்திருப்பான். ஒரு டீ போட்டுக் குடு” என்றார். டீ போட்டு, கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன். போய்விட்டார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நெற்றியில் சிலுவை போட்டேன், இன்னும் சூடாக இருந்தது.

துஷ்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்தி, “ரொம்ப வேதனைப்பட்டாரோ?” என்று கேட்டார்கள். “இல்ல, கேஸ்காரருக்கு டீ போடச் சொல்லிட்டுப் போனாரு” என்றேன். துக்க வீட்டில் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

என் தோள்கள் அத்தனை மாதமும் காது வரை ஏறியிருந்தன என்பது, அவை இறங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் துடித்த நாட்களில் ஒரு மணி நேரத்தைக் கடப்பதே பெரும்பாடு. இப்போது பொழுது அதுபாட்டுக்குப் போகிறது. மருந்து வேளைக்கு மட்டும் இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டிலைத் தடவிப் பார்க்கிறேன். இந்த வீட்டில் இப்போது யாருக்கும் வலிக்கவில்லை. ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே அழுகிறேன். அழுது முடித்ததும் தூக்கம் வந்துவிடுகிறது.