டீச்சர் படியேறாத கல்யாணம்

ஐஸ்கிறீம் டப்பாவைத் திறந்து அதற்குள் ஐஸ்கிறீமைக் கண்ட நாள் எங்கள் ஆசிரியர் அறையில் ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமை இடைவேளை மணி அடித்ததும் மேசைமேல் அந்தப் பழைய டப்பாக்கள் வந்து உட்காரும். யாழ்ப்பாணத்து டீச்சருடையதில் பயற்றம் பணியாரம், என்னுடையதில் அதிரசம் அல்லது ரொட்டியும் சம்பலும். மலையகத்தில் எங்கள் டயகம கடைத்தெருவில் துணியும் தையல் நூலும் விற்கும் கடை வைத்திருந்த ராத்தா, எங்களிடம் படித்த மகளைப் பார்க்க வருகிற சாக்கில் வட்டிலாப்பத்தோடு வந்துவிடுவார். அக்காவை முஸ்லிம் வீடுகளில் ராத்தா என்பார்கள். ஊருக்கே அவர் ராத்தாதான். தின்றுகொண்டே லேஸ் பின்னுவோம், பின்னிக்கொண்டே பேசுவோம். யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், கனடாவிலிருக்கும் டீச்சரின் அண்ணன் இந்த வாரம் எந்தக் கறியைக் கருக்கினார் என்பதெல்லாம் இருபது நிமிடத்துக்குள் அலசப்படும்.

டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த அண்ணன் ஒருவர்தான் அவருக்கு உறவென்று சொல்ல இருந்தவர். பள்ளிக்கூட விடுதியில் தனியாக இருந்தார். விடுமுறை விட்டால் மறுநாளே யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறிவிடுவார். என் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானபோது மட்டும், "இந்த முறை நான் ஊருக்குப் போகேல்லை ரீச்சர். பலகாரம் சுட ஆள் வேணுமெல்லே" என்று தானாகவே சொன்னார். தாலித் தட்டை மூட வெள்ளை நூலில் ஒரு லேஸ் விரிப்புப் பின்னத் தொடங்கினார். ஒவ்வொரு வெள்ளியும் அது ஒரு வட்டம் பெரிதாகும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

முகூர்த்தக்கால் நட்டு மூன்றாம் நாள் பலகாரம் சுட உட்கார்ந்தோம். மாவு இடித்து, எண்ணெய் காய்ந்து, லயம் என்கிற எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளின் பெண்களெல்லாம் வந்தாயிற்று; டீச்சரைக் காணோம். ஆள் அனுப்பினேன். தலையிடி என்று பதில் வந்தது. மறுநாளும் அதே தலையிடி. மூன்றாம் நாள் அதிரசத்தை டப்பாவில் போட்டுக்கொண்டு நானே விடுதிக்குப் போனேன். டீச்சர் கதவைப் பாதி திறந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. டப்பாவை நீட்டினால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேண்டாம் ரீச்சர், வயிறு சரியில்லை" என்றார்.

எனக்கு வாய் நீளம். அதோடு, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் என்று எங்களை ஒருபடி கீழே வைத்துப் பார்த்தவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பார்த்து ஆறாத புண் ஒன்று உள்ளே இருந்தது. அது அன்றைக்குத்தானா உடைய வேண்டும்?

"எங்க வீட்டுப் படி மிதிச்சா ஒங்க காலு தேஞ்சிருமாங்க டீச்சர்? பள்ளிக்கூடத்துல ஒண்ணா திங்கலாம், லயத்துக்கு வந்து ஒக்காந்து திங்கத்தான் கசக்குதா? அந்த லேஸையும் நீங்களே வச்சிக்கிங்க."

அவர் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார். அதையும் நான் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டேன். கல்யாணம் நடந்தது, டீச்சர் வரவில்லை. வந்தவர்களெல்லாம் அவரைக் கேட்க, நானும் ஆளுக்கொரு பொய் சொல்லி வைத்தேன்.

மறுவீட்டுச் சாப்பாடு முடிந்து இரண்டு நாள் கழித்து ராத்தா கடைக்குப் போய் என் மனக்குறையைக் கொட்டினேன். ராத்தா அளந்துகொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"கல்யாணம் முடியுமட்டும் சொல்லப்படாதுன்டு என்னைச் சத்தியம் பண்ண வெச்சாங்க. டீச்சர்ட நானா கனடாவில மௌத்தாகிட்டாரு. விடுதியில சிக்னல் இல்லன்டு, இங்க உள்ளுக்குத்தான் ஒக்காந்து போன்ல மய்யத்தைப் பார்த்தாங்க. நான்தான் கையைப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்."

நான் பலகாரம் சுட உட்கார்ந்த நாளுக்கு முதல் நாள் மாலைதான் அண்ணன் இறந்த செய்தி வந்து, உடலைப் போனில் பார்த்திருக்கிறார். சாவுத் தீட்டுள்ள துடக்கு வீட்டிலிருந்து கல்யாண வீட்டுக்கு வரக்கூடாது, கல்யாண வீட்டுப் பண்டத்தைத் தொடக்கூடாது என்றுதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து நான் படியைப் பற்றிப் பேசினேன். இந்த நாக்கை என்ன செய்தால் தகும்?

வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, பருப்பு ஆக்கி எடுத்துக்கொண்டு விடுதிக்கு ஓடினேன். சாவு வீட்டில் அடுப்பெரியாது. அக்கம்பக்கம்தான் ஆக்கிக்கொண்டு போகவேண்டும். எங்கள் ஊரில் அது பிச்சைக்காரனுக்கும் கிடைக்கும். டீச்சர் அத்தனை நாளும் தானே கடைக்குப் போய்ப் பாண் வாங்கித் தின்றிருக்கிறார்.

"ஏங்க டீச்சர் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்கள் வராமல் இருப்பியளோ? முகூர்த்தக்கால் நட்ட வீட்டுப் பொம்பிளை செத்தவீட்டுக்குப் போய்வந்தாள் எண்டு உங்கட ஆக்கள் சும்மா விடுவினமோ? நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு தலையிடி வந்தாலும் உங்களைத்தான் சொல்லுவினம்."

அவர் சொன்னது சரி. நான் போயிருப்பேன்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். டீச்சர் முதலில் விறைத்துப்போய் நின்றார். பிறகு அவரும் அழத் தொடங்கினார். அடங்க வெகுநேரம் பிடித்தது. "கூடநிண்டு சத்தம் போட்டு அழ இஞ்சை ஆரும் இல்லையெண்டு நினைச்சன்" என்றார். அன்றைக்கு இருவரும் ஒரே தட்டில் பருப்பும் சோறும் சாப்பிட்டோம்.

இப்போது டீச்சர் ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். ராத்தா மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் மூவரும் போனில் பேசிக்கொள்கிறோம். டீச்சர் எடுத்ததும் நலம் விசாரிப்பதில்லை. "நல்லது பிறகு. கெட்டது ஏதும் இருந்தா முதல்லை சொல்லுங்கோ" என்பார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, சிரித்துக்கொண்டு பலகாரப் பேச்சுக்குப் போய்விடுவோம்.

போன வெள்ளி என்னிடம் ஒன்று இருந்தது. எனக்குப் பெரிய நோய் என்று ஆஸ்பத்திரியில் தந்த ரிப்போர்ட்டை அரிசி வாளிக்கு அடியில் வைத்திருந்தேன். பேத்தியின் பூப்புனித நீராட்டு விழா நெருங்குகிற நேரம், மகளிடம் எப்படிச் சொல்வது? யாரிடமும் சொல்லவில்லை. டீச்சர் கேட்டதும் முழுவதையும் சொன்னேன். "சரி, வாறன்" என்று போனை வைத்தார்.

மறுநாள் பின்னேரம் பையோடு வந்து இறங்கினார். வாசலில் நின்று கூப்பிடவில்லை, நேரே படியேறிக் குசினிக்குப் போய் உலை வைத்தார். நாளைக் காலை மகளுக்குப் போன் எடுக்கும்போது பக்கத்தில் இருக்கிறேன் என்கிறார்.